கழித்தல் குறிகளைக் காப்பாற்றிய அக்காவுக்கும் மற்ற எல்லோருக்கும்

ஒரு மூலநூலைத் திருத்தி, புதுப் பகுதிகள் சேர்த்து நாம் எல்லோரும் சேர்ந்து செய்த கல்லூரிக் கணிதப் புத்தகம் வெளியே வந்துவிட்டது. நேற்று இரவு புதிய பதிப்பைப் பொதுவில் வைத்தோம். இன்று காலை இரண்டாம் ஆண்டு மாணவர்கள் கையில் அச்சுப் படியும் போய்ச் சேர்ந்துவிட்டது. பருவம் தொடங்கும் நேரத்தில் நம் நேரியல் இயற்கணிதப் புத்தகம் எந்த நிலையில் கிடந்தது, நாம் எந்த நிலையில் கிடந்தோம் என்பதெல்லாம் இதைப் படிக்கிற உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. தூங்கி எழுந்து எழுதலாம்தான். ஆனால் அப்போது இது அலுவலகக் கடிதம்போல ஆகிவிடும், அதனால் இப்போதே.

முதல் நன்றி ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு. வெளியூரிலிருந்து வேலை பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியாது. கல்லூரிக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தை ஒட்டி இருக்கிறது கடை. ஆதார் நகல், ரெக்கார்டு நோட்டு, புராஜெக்ட் பைண்டிங் எல்லாம் அங்கேதான். போன வருடத்துப் பதிப்பையும் அவர்தான் அடித்து ஸ்பைரல் போட்டுக் கொடுத்தார். அதில் ஒரு படி இன்னும் கடையில் ஆணியில் தொங்குகிறது.

இந்த முறை கோப்பை அனுப்பிவிட்டு, "நூறு காப்பி அடிச்சிடுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கடை மூடுகிற நேரத்துக்கு அவரிடமிருந்து போன். "மேடம், கோச்சுக்காதீங்க. நம்பருக்கு முன்னாடி சின்னக் கோடு இருக்குமில்ல, அது சில பக்கத்துல விழவே மாட்டேங்குது. டோனர் மாத்திப் பார்த்தேன். இன்னொரு மெஷின்லயும் போட்டுப் பார்த்தேன். பழைய புக்குல இருக்கு, இதுல இல்ல. என் மெஷின்ல கோளாறா, உங்க ஃபைல்ல கோளாறா?"

எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் பென்சிலால் டிக் போட்டு வைத்திருந்தார். பக்க எண்களை வரிசையாக வாசித்தார். நான் கணினியில் அதே பக்கங்களைத் திறந்து பார்த்தபோது கை சில்லிட்டுவிட்டது. கழித்தல் குறி இல்லை. அச்சுக் கோப்பிலேயே இல்லை.

கணிதம் படிக்காத நண்பர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அணி என்றால் எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய கட்டம், ஒவ்வொரு வரிசையும் ஒரு நிரை. ஒரு பயிற்சிக் கணக்கில் வரும் அணிக்கு முதல் நிரை 1, 2. இரண்டாம் நிரை 3, −6. இதன் அணிக்கோவை, அதாவது குறுக்கே பெருக்கிக் கழித்தால் வரும் எண், −12. அது பூச்சியம் இல்லாததால் இது பூச்சியமற்ற கோவை அணி, ஆகவே நிரைகளைப் பெருக்கியும் ஒன்றோடொன்று கூட்டியும் (இவைதான் நிரைச் செயல்கள்) குறைத்துக்கொண்டே போனால் அலகு அணி வரும், அதாவது மூலைவிட்டத்தில் 1, மற்ற இடங்களில் 0. அந்த ஒரு குறியை எடுத்துவிட்டால் இரண்டாம் நிரை 3, 6. அதாவது முதல் நிரையின் மும்மடங்கு. அணிக்கோவை பூச்சியம், அலகு அணி எந்தக் காலத்திலும் வராது. பின்பக்க விடையில் மட்டும் "அலகு அணி" என்று இருக்கும். மாணவர் என்ன நினைப்பார்? புத்தகம் தப்பு என்றா நினைப்பார்? தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்து அதையே நாலு தடவை போட்டுப் பார்ப்பார். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைகள் பலர் அப்படித்தான் நினைப்பார்கள், எனக்குத் தெரியும்.

காரணம் சின்னது. வேர்டில் தட்டச்சிட்ட கணக்குகள் சில அப்படியே புத்தகத்தின் மூலக் கோப்பில் ஒட்டப்பட்டிருக்கின்றன. விசைப்பலகையில் இருக்கும் சிறுகோடு வேறு, வேர்டிலிருந்து வந்த யூனிகோடு கழித்தல் குறி வேறு. இணையப் பக்கத்தில் கணிதக் குறிகளைக் காட்டும் மேத்ஜாக்ஸ் மென்பொருள் இரண்டையும் சரியாகவே காட்டிவிடும். அச்சுக் கோப்பை உருவாக்கும் ஸீலேடெக் மென்பொருளோ, கணித எழுத்துருவில் அந்தக் குறி இல்லையென்றால் சத்தமில்லாமல் விட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். ஓடும்போது அது எழுதிவைக்கும் பதிவேட்டில் ஒரு எச்சரிக்கை வரி எழுதும். அது பல ஆயிரம் வரிகளுக்கு நடுவே கிடக்கும். குழுவில் எல்லோரும் இணையப் பக்கத்தில்தான் சரிபார்த்தோம், அங்கே எல்லாம் சரியாக இருந்தது. யார் ஒட்டியது என்று, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருளில் ஒரே கட்டளையில் கண்டுபிடித்துவிடலாம். நான் அதை ஓட்டவில்லை, நீங்களும் ஓட்டாதீர்கள்.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது இதைத்தான்: அக்காவுக்கு அணி என்றால் என்னவென்று தெரியாது. அச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான் அவர் வேலை. அதை ஒழுங்காகப் பார்த்தார். முதலில் தன் இயந்திரத்தின்மேல்தான் சந்தேகப்பட்டார். பாழான தாளுக்கும் டோனருக்கும் காசு வாங்க மறுத்துவிட்டார். "அடிச்சு முடிச்சிட்டு சொல்லியிருந்தா உங்களுக்குத்தான நஷ்டம்" என்றார், அவ்வளவுதான். ஸீலேடெக்குக்கு அடித்தளமான டெக் மென்பொருளை உருவாக்கிய டொனால்டு கனூத், தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடித்தவர்களுக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பியவர். பதினாறை அடிமானமாக வைத்து எண்ணினால் 256 சென்ட்தான் ஒரு டாலர் என்பது அவர் கணக்கு. காணாமல் போன குறிகளுக்கெல்லாம் அந்த விகிதத்தில் அக்காவுக்குக் கொடுப்பதென்றால் என் சம்பளம் போதாது.

மறுநாள் அக்கா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்: "இதை அடிச்சு வித்தா காப்பிரைட் பிரச்சினை வருமா மேடம்?" கேட்காமல் என்ன செய்வார்! டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து ஜெராக்ஸ் கடை ஒன்றின்மேல் 2012-இல் மூன்று பெரிய பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது, அடுத்த வருடம் பதிப்பகங்கள் விலகிக்கொண்டன. அதற்குள் அந்தக் கடைக்காரர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். நம் புத்தகத்துக்கு அந்தக் கவலை இல்லை. மூலநூலை எழுதிய ராபர்ட் பீசர், அமெரிக்காவின் டகோமாவில் இருக்கும் பியூஜெட் சவுண்ட் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர். அதை க்னூ கட்டற்ற ஆவண உரிமத்தில் விட்டிருக்கிறார். யாரும் அச்சடிக்கலாம், விற்கலாம், திருத்தலாம். திருத்தி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும், யார் என்ன செய்தார்கள் என்ற வரலாற்றுப் பகுதியையும் தொடர்ந்து எழுத வேண்டும். அந்தப் பகுதியில் அக்காவின் பெயரைச் சேர்க்க அனுமதி கேட்டேன். "என் பேர் எதுக்கு, கடை பேரப் போடுங்க" என்றார். விவரமானவர். போட்டாயிற்று.

பீசருக்கும் நன்றி சொல்ல வேண்டும், அவர் இதைப் படிக்கப்போவதில்லை என்றாலும். தேற்றங்களுக்கு எண் போடாமல் எழுத்துச் சுருக்கமாகப் பெயர் வைத்தார் மனிதர். "தேற்றம் என்எம்ஆர்ஆர்ஐ" என்று மாணவர்கள் கிண்டல் செய்வார்கள். ஆனால் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து நடுவில் புதுப் பகுதிகளைச் செருகியபோது தேற்றங்களைச் சுட்டும் குறிப்பு ஒன்றுகூட இடம் மாறவில்லை. எண்களாக இருந்திருந்தால் இன்னும் அதைத்தான் சரிசெய்துகொண்டிருப்போம்.

அப்புறம் மற்றவர்கள். 2020 ஜனவரியில் சேஜ் என்ற கணித மென்பொருளின் 9.0 பதிப்பு பைத்தான் 3 நிரல்மொழிக்கு மாறியதிலிருந்து நம் புத்தகத்தின் பழைய நிரல் பெட்டிகள் பாதி ஓடவில்லை. அவற்றில் ஒவ்வொரு பிரிண்ட் கட்டளைக்கும் அடைப்புக்குறி போட்டுக் கொடுத்த கோவை நண்பர்கள் இருவருக்கும், விடுதியில் போனிலேயே விடைகளை எல்லாம் சரிபார்த்த மூன்றாம் ஆண்டு மாணவிகளுக்கும், திரைவாசிப்பானில் படிக்கும் மாணவருக்காகப் படங்களுக்கெல்லாம் விவரணை எழுதியவருக்கும், நள்ளிரவில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்ட புல் ரிக்வெஸ்ட்டுகளை, அதாவது ஆளாளுக்கு அனுப்பிய திருத்தங்களை, பொறுமையாகப் பிரித்துச் சேர்த்த தம்பிக்கும், எங்கள் எல்லோரையும் சகித்துக்கொண்ட வீட்டாருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் ஒரு பத்தி எழுத வேண்டும். தனித்தனியாகப் போன் செய்கிறேன்.

இனிமேல் இரண்டு விஷயம். எழுத்துருவில் ஒரு குறி இல்லையென்றால் எச்சரிக்கையோடு விடாமல் வேலையையே நிறுத்தும்படி அமைத்துவிட்டோம். ஒரே வரி அமைப்புதான், இத்தனை நாள் யாருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது, எந்தப் பதிப்பையும் காகிதத்தில் ஒரு படி எடுத்துப் பழைய படியோடு ஒப்பிட்ட பிறகே வெளியிடுவேன். அந்த முதல் படியை அக்கா பார்ப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். இந்த முறை கூலி உண்டு, அதில் பேச்சே இல்லை.

சென்ற வாரம் வெள்ளோட்டத்துக்குக் கொடுத்த அச்சுப் படி யாரிடமாவது இருந்தால் அதில் கணக்குப் போட வேண்டாம். கடையில் கொடுத்தால் அக்கா புதியதை மாற்றித் தருவார், செலவு என் கணக்கில்.