மருந்து விவரம் எழுதிய தங்கைக்கும் மற்ற எல்லோருக்கும்

அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாயிற்று, பார்வை தெரிகிறது. போன் பண்ணியவர்களிடமெல்லாம் இதை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன், அதற்கு மேல் பேச்சு வரவில்லை. சரி, எழுதியாவது விடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முன்கதை உங்களுக்கெல்லாம் தெரியும், திரும்பச் சொல்லத் தெம்பில்லை.

டாக்டருக்கு நன்றி சொல்லாமல் இருப்பேனா. ஆனாலும் இந்த மடலில் பெரும்பங்கு, ஆபரேஷனுக்கு முன்னால் மருந்து விவரம் எழுதிக்கொண்ட அந்த ஆஸ்பத்திரித் தங்கைக்குத்தான். சுகருக்கு இது, பிரஷருக்கு அது என்று நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். "சிறுநீர்த் தொந்தரவுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களா ஐயா, முன்னாடி எப்பவாவது?" என்று கேட்டார். "அதெல்லாம் இல்லம்மா" என்றார் அப்பா, என் பக்கம் பார்க்காமல். அந்தப் பெண் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. "அக்கா, பழைய ரிப்போர்ட் வண்டியில இருக்குன்னீங்களே, எடுத்துட்டு வந்துடுறீங்களா?" என்று என்னை அனுப்பிவிட்டார். அந்த ரிப்போர்ட்டை அதற்குப் பிறகு யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நான் வருவதற்குள் பட்டியலில் ஒரு வரி கூடியிருந்தது: டாம்சுலோசின், இப்போது இல்லை. சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

டாம்சுலோசின் என்கிற அந்தப் பிராஸ்டேட் மாத்திரைக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விளங்கியது. சிறுநீர்ப் பாதைத் தசையைத் தளர்த்துகிற அந்த மருந்து, கண்ணின் பாப்பாவை விரிக்கிற தசையையும் விட்டுவைப்பதில்லை. ஆபரேஷன் நடுவில் பாப்பாவைச் சுற்றியிருக்கிற ஐரிஸ் திரை தொளதொளவென்று அலையும், பாப்பா சுருங்கிக்கொண்டே வரும். நிறுத்தி வருஷக்கணக்கானாலும் இப்படி நடக்கலாம். மருத்துவர்களே 2005இல்தான் இதைக் கண்டுபிடித்து எழுதினார்கள். அப்பாவுக்கோ ஏற்கெனவே லென்ஸின் மேல் பொடுகு போல வெள்ளைத் துகள் படிகிற கோளாறு. அதிலும் பாப்பா சரியாக விரியாது, லென்ஸைத் தாங்குகிற நார்கள் நைந்திருக்கும், கண் அழுத்தம் வேறு ஏறும். இரண்டும் சேர்ந்த கண் என்று முன்கூட்டியே தெரிந்ததால்தான், பாப்பாவை இழுத்துப் பிடிக்கும் குட்டிக் கொக்கிகளையும், லென்ஸ் பைக்குள் முட்டுக் கொடுக்கும் வளையத்தையும் தயாராக வைத்துக்கொண்டு ஆரம்பித்தார் டாக்டர். இரண்டுமே தேவைப்பட்டன.

அந்தக் கேள்வி எல்லாப் படிவத்திலும் இருக்கும், யார் வேண்டுமானாலும் கேட்டிருப்பார்கள். பெற்ற மகள் பக்கத்தில் இருக்கும்போது ஒரு பெரியவர் வாய்விட்டுச் சொல்வாரா என்று அந்தச் சின்ன வயதில் அந்தப் பெண்ணுக்கு யோசிக்கத் தோன்றியதே, அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். இனி யாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாலும் மருந்து விவரம் கேட்கிற நேரத்தில் நானாகவே எழுந்து வெளியே போய்விடுவேன். பட்டியலை மட்டும் நன்றாகப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு.

அப்புறம், வண்டி ஓட்டிய சித்தப்பா, ஆபரேஷன் அறை வாசலில் ஆறுதல் என்று எதுவும் சொல்லாமல் கூடவே உட்கார்ந்திருந்த தோழி, சொட்டு மருந்துக்கு அலாரம் வைத்து அதட்டுகிற தம்பி மனைவி, இரவில் கண்ணைக் கசக்கிவிடாமல் காவல் காத்த பிள்ளைகள், தூரத்திலிருந்தே வேண்டிக்கொண்டவர்கள், எல்லோருக்கும் நன்றி. பெயர் விட்டுப்போயிருந்தால் சண்டைக்கு வாருங்கள். அழுத்தம் பார்க்க இன்னும் போய்வர வேண்டும், அடுத்த கண்ணும் பாக்கி இருக்கிறது. அதற்கும் உங்களைத்தான் கூப்பிடுவேன், இப்போதே சொல்லிவிட்டேன்.