குரல் கொடுத்தவரின் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் 'சிங்கிங் இன் த ரெயின்' (1952) என்ற ஹாலிவுட் படம் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். ஜீன் கெல்லி குடையோடு ஆடும் மழைப் பாட்டைப் பற்றிய பகுதி அருமை. ஆனால் மழைத்துளி திரையில் தெரிவதற்காகத் தண்ணீரில் பால் கலந்தார்கள் என்ற பழைய கதையை மறுபடியும் அச்சில் பார்த்தது வருத்தமாக இருந்தது. அதை நம்பிவிட்டால் ஒளிப்பதிவாளர் ஹரால்ட் ராசனின் உழைப்பு காணாமல் போய்விடும். மழைக்குப் பின்னாலிருந்து விளக்கடித்தார் அவர். அப்படி அடித்தால்தான் துளிகள் கோடு கோடாக மின்னும். முன்னாலிருந்து மட்டும் அடித்தால் மழை கண்ணுக்கே சரியாகப் படாது. கெல்லியின் கால் எங்கெல்லாம் விழ வேண்டுமோ அங்கெல்லாம் தரையில் பள்ளம் பறித்துத் தண்ணீர் தேக்கினார்கள். கடுமையான காய்ச்சலோடுதான் அவர் ஆடினார் என்பது உண்மை.

அந்தப் பாட்டில் கேமராவைக் கவனியுங்கள். ஆடுபவரின் கால்கள் பெரும்பாலும் சட்டகத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஷாட்டுகள் மிகக் குறைவு. குடையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் அவர் சுற்றும்போது இசை பொங்குகிறது, கிரேன் பின்வாங்கி மேலே போகிறது. இன்றைய பாடல் காட்சிகளில் நொடிக்கொரு வெட்டு விழுவதைப் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இது பெரிய நிம்மதி.

கட்டுரையாளர் படத்தை 'கவலை மறக்க வைக்கும் கேளிக்கை' என்று சொல்லி முடித்துவிட்டார். எனக்கு அது போதவில்லை. சினிமா எப்படிச் செய்யப்படுகிறது என்பதைத் திரையிலேயே பிரித்துக் காட்டும் படம் இது. காதலைச் சொல்ல நாயகன் நாயகியை ஒரு காலி ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போகிறான். விளக்கைப் போடுகிறான், பனிமூட்டம் விடுகிறான், ஏணியில் அவளை நிறுத்தி மின்விசிறியால் தென்றல் வரவழைக்கிறான். எல்லாம் செயற்கை என்று நம் கண்முன்னேயே தெரிகிறது. அப்புறம் கேமரா மெல்ல நெருங்க, விசிறியும் விளக்கும் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகின்றன. நாமும் மயங்கிவிடுகிறோம்!

கதை நடப்பது 1927இல், 'தி ஜாஸ் சிங்கர்' வந்து பேசும்படத்துக்கு வழி திறந்த ஆண்டில். செடிக்குள் ஒளித்து வைத்த மைக், நடிகை முகத்தைத் திருப்பியதும் குரலை விட்டுவிடுகிறது. அதை உடையில் தைத்தால் இதயத் துடிப்பு கேட்கிறது. இவை வெறும் நகைச்சுவைக்காகச் சேர்த்தவை அல்ல. மோட்டார் சத்தம் பதிவாகிவிடும் என்பதால் அந்த நாளில் கேமராவையே ஓர் அறைக்குள் பூட்டி வைத்தார்கள். படத்தில் அந்த அறையும் வருகிறது. கதைக்குள் எடுக்கப்படும் படத்தை முன்னோட்டமாகத் திரையிடும் இடத்தில் ஒலியும் படமும் விலகி, பெண்ணின் மறுப்பு வில்லன் வாயிலிருந்தும் வில்லனின் பேச்சு அவள் வாயிலிருந்தும் வருமே, ஒலி தனித்தட்டில் ஓடிய காலத்தில் திரையரங்குகளுக்கு அது நிஜமான தலைவலி.

1952இல் இதைப் பார்த்த அமெரிக்கர்களின் வீடுகளுக்குச் சினிமாவின் புதுப் போட்டியாகத் தொலைக்காட்சி வந்துகொண்டிருந்தது. படத்தில் பேசும்படச் சோதனையைப் பார்த்து விருந்தினர்கள் இளக்காரம் செய்யும் காட்சி ஹாலிவுட்காரர்களுக்கு எங்கே குத்தியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, என் முக்கியமான ஆதங்கத்துக்கு வருகிறேன். திரைக்குப் பின்னால் நின்று இன்னொருத்திக்காகப் பாடும் பெண்ணுக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்பதுதான் இந்தப் படத்தின் கதை. அந்தப் பெண் கேத்தியாக டெபி ரெனால்ட்ஸ், அவள் குரல் கொடுக்கும் நட்சத்திரம் லீனாவாக ஜீன் ஹேகன். லீனாவுக்காகக் கேத்தி மைக் முன்னால் பாடுகிற 'வுட் யூ' பாட்டில் நாம் கேட்பது ரெனால்ட்ஸின் குரலே இல்லை. பாடியவர் பெட்டி நொய்ஸ். லீனாவின் வசனத்தைக் கேத்தி பேசுவதாக வரும் இடத்திலோ ஒலிப்பது ஹேகனின் சொந்தக் குரல். லீனாவின் கீச்சுக் குரலை அவர் அந்தப் பாத்திரத்துக்காக வரவழைத்துக்கொண்டார். ஹேகனுக்குத் துணை நடிகைக்கான ஆஸ்கார் பரிந்துரையாவது கிடைத்தது. நொய்ஸின் பெயரோ படத்தின் எழுத்துப் பட்டியலிலேயே இல்லை. கேத்திக்காகப் பரிந்து பேசிய படமே, அவளுக்காகப் பாடியவரை மறைத்துவிட்டது.

உங்கள் கட்டுரையிலும் கெல்லி, அவரோடு சேர்ந்து படத்தை இயக்கிய டோனன், ரெனால்ட்ஸ், நடிகர் டொனால்ட் ஓ'கானர் என எல்லோரும் இருக்கிறார்கள். ராசனும் இல்லை, நொய்ஸும் இல்லை. அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவாவது இந்த இரு பெயர்களையும் வெளியிடுங்கள். இனி வரும் பழைய படக் கட்டுரைகளில் பின்னணிக் குரல், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு செய்தவர்களையும் குறிப்பிடும்படி எழுதுகிறவர்களிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
திருச்சி.