கொலோசியம் பக்கத்தில் சாப்பாடு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. சம்பந்தி வீட்டார் ரோம் போகிறார்கள், கொலோசியம் பக்கத்தில் மட்டும் சாப்பிடாதீர்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன் என்றாய். அப்படி ஒரேயடியாகச் சொல்லாதே அம்மா. கருங்கல் பாவிய அந்தத் தெருக்களில் வெயிலோடு சுற்றிவிட்டு, நல்ல கடை தேடி இன்னும் இரண்டு கிலோமீட்டர் நட என்றால் அந்த வயதில் யாரால் ஆகும்? அதோடு, உள்ளூர்க்காரர்கள் போகிற கடைகளில் இரவுச் சாப்பாட்டுக்கு ஏழு, ஏழரைக்கு முன்னால் அடுப்பே பற்றவைப்பதில்லை. நாலு மணிக்குப் பசித்தால் இந்தச் சுற்றுலாக் கடைகள்தான் கதி.

நாங்கள் ரோம் போயிருந்தபோது, அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டதும் நாங்களும் பக்கத்திலேயேதான் உட்கார்ந்தோம். மோந்தி பகுதியில் ஒரு தெரு, கோடியில் கொலோசியம் தெரியும். குறையில்லாமல் சாப்பிட்டோம். வாசலில் மாட்டியிருக்கும் விலைப்பட்டியலை நின்று படித்துவிட்டு உள்ளே போனால் போதும். கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுகிறவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, படிக்கிற வேலையைப் பார்க்கச் சொல்.

முக்கியமாக மீன். முதலில் பார்த்த கடையில் மீனுக்கு 8 யூரோ என்று போட்டிருந்தது. பரவாயில்லையே என்றேன். பக்கத்தில் பொடி எழுத்தில் ‘எத்தோ’ என்று இருந்ததை அம்மாதான் காட்டினாள். அது 100 கிராமுக்கான விலை. தட்டில் வருகிற முழு மீன் 600 கிராம் இருந்தால் 48 யூரோ! எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், சண்டை போட வழியில்லை. சம்பந்திக்கு மீன் என்றால் உயிராயிற்றே, எடையைக் கேட்டுவிட்டு ஆர்டர் கொடுக்கச் சொல்.

கேட்காமலே ரொட்டிக் கூடை வரும், பில்லில் ஏறும். ‘கோபெர்த்தோ’ என்று தலைக்கு வாங்கும் மேசைக் கட்டணத்தை ரோம் இருக்கிற லாட்சியோ மாகாணத்தில் 2006-லேயே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். ஆனால் ரொட்டிக்கு என்று விலை போட்டிருந்தால் வாங்கலாம். வேண்டாமென்றால் தொடாமல் திருப்பி அனுப்பிவிட வேண்டியதுதான். மேசைத் தண்ணீருக்கும் காசு. தெருவில் எங்கு பார்த்தாலும் இரும்புக் குழாயில் நல்ல தண்ணீர் சும்மாவே கொட்டுகிறது, ஒரு பாட்டில் கையில் இருக்கட்டும்.

சம்பந்தியம்மா சைவமாயிற்றே, அவருக்கு ‘காச்சோ எ பெப்பே’ என்கிற பாஸ்தாவைச் சொல்லச் சொல். பெக்கோரினோ என்கிற செம்மறியாட்டுப்பால் சீஸும் கருமிளகும்தான். வெண்ணெய், க்ரீம் எதுவும் கிடையாது. பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணீரிலேயே சீஸைக் கரைத்துக் குழம்பாக்கிவிடுகிறார்கள். அம்மா தட்டில் மிளகு ஒன்றிரண்டாக உடைந்து கிடந்தது, முதல் வாயிலேயே மூக்கில் ஏறியது. ரசம் வைக்கிறவளுக்குப் பிடிக்காமல் போகுமா! சீஸை உறைய வைக்க ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள் என்று சொன்னேன். “பால்தானே, சும்மா இருங்கள்” என்றுவிட்டாள். சம்பந்தியம்மா அப்படி விடுவாரோ என்னவோ, முன்கூட்டியே சொல்லிவிடு. கார்பொனாரா, அமாத்ரிச்சானா என்கிற பாஸ்தா இரண்டிலும் பன்றிக் கன்னத்து இறைச்சி உண்டு, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

சாப்பிட்டு முடித்தால் பில் தானாக வராது, கேட்டால்தான் கொண்டுவருவார்கள். மறந்துவிட்டார்களோ என்று சம்பந்தி கோபப்பட வேண்டாம், உட்கார்ந்திருக்கிறவரை எழுப்பிவிடக் கூடாது என்கிற மரியாதை அது.

மாப்பிள்ளைக்கு இருமல் நின்றதா என்று அம்மா கேட்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு.

அன்புடன்,
அப்பா