டாஸில் டிஎம்ஏ பஃபர்: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. அந்த 486 கம்ப்யூட்டர் மறுபடி ஓட ஆரம்பித்ததில் எனக்கும் சந்தோஷம். மவுஸ் டிரைவரை ஏற்றினால் மட்டும் சத்தம் கரகரக்கிறது என்று எழுதியிருந்தாய். சவுண்ட் கார்டைச் சந்தேகப்படாதே. சத்தத்தின் பைட்டுகள் கிடக்கும் மெமரித் துண்டு, அதாவது பஃபர், எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்.

பிராசஸர் வழியாகப் போகாமல் மெமரிக்கும் கார்டுக்கும் இடையே பைட்டுகளை நேராகக் கடத்துவதுதான் டிஎம்ஏ; அதைச் செய்வது 8237 சிப். அதன் முகவரி கவுன்ட்டர் 16 பிட்தான், 64 கேபிக்கு மேல் எண்ணாது. மேல் பிட்டுகள் பேஜ் ரெஜிஸ்டரில் தனியாக இருக்கின்றன. கவுன்ட்டர் நிரம்பினால் மிஞ்சும் ஒன்று (கேரி) பேஜ் ரெஜிஸ்டருக்குப் போகாது. அதே 64 கேபியின் தொடக்கத்துக்கே சுற்றி வந்துவிடும். உன் 8 கேபி பஃபர் 190-வது கேபியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள். அந்த 64 கேபியின் எல்லை 192-ல். முதல் 2 கேபி ஒழுங்காக ஒலிக்கும், மீதி 6 கேபிக்கு 128-வது கேபியில் கிடப்பதெல்லாம் ஸ்பீக்கரில் வரும். ரெக்கார்டிங் என்றால் இன்னும் மோசம், அங்கே இருப்பதன் மேலேயே எழுதிவிடும். மவுஸ் டிரைவர் ஏறினால் உன் புரோகிராம் சில கேபி தள்ளிப்போகிறது, பஃபர் எல்லைமேல் விழுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இதற்கு நான் நம்புவது ஒரே வழி: தேவையைப்போல் இரண்டு மடங்கு கேள். 16 கேபி வாங்கு. டாஸ் தரும் செக்மென்ட் எண்ணை 16-ஆல் பெருக்கினால் நிஜ முகவரி. முதல் 8 கேபி எல்லையைத் தாண்டினால், எல்லையிலிருந்தே தொடங்கு. மேலே சொன்ன கணக்கில் 192 முதல் 200 வரை.

பிறகு 8237-ன் சானல் 1-ஐ இப்படி அமை (போர்ட் எண்கள் டெசிமலில்). இன்டரப்ட்டை நிறுத்திவிட்டு, போர்ட் 10-ல் 5 எழுதி சானலை மூடு. 12-ல் எதையாவது எழுதி, அடுத்து வருவது கீழ் பைட்டா மேல் பைட்டா என்று நினைவில் வைக்கும் ஃபிளிப்-ஃபிளாப்பைத் துடை; இதை விட்டால் கீழ் பைட்டும் மேல் பைட்டும் இடம் மாறிவிடும். 11-ல் 89, தானாகத் திரும்ப ஓடும் முறை. 2-ல் முகவரி, இரண்டு முறை 0. பேஜ் போர்ட் 131-ல் 3. போர்ட் 3-ல் நீளத்தில் ஒன்று குறைத்து 8191, அதாவது 255, அப்புறம் 31. கடைசியாக 10-ல் 1 எழுதித் திற, இன்டரப்ட்டையும் விடு.

மெமரி டிரைவரான இஎம்எம்386 ஓடினால் பஃபர் 640 கேபிக்குக் கீழேயே இருக்கட்டும். அதற்கு மேலே உள்ள அப்பர் மெமரியில் புரோகிராமுக்குத் தெரியும் முகவரி வேறு, நிஜ முகவரி வேறு. 8237-க்குப் போகும் முகவரியை இஎம்எம்386 இடைமறித்து மாற்றித் தரும். ஆனால் டிஸ்க்கை இணைக்கும் பஸ் மாஸ்டர் ஸ்கஸி கார்டு 8237-ஐத் தொடாமலே மெமரிக்குள் போகிறது. அதை இஎம்எம்386 பார்க்கவே முடியாது. அந்தக் கார்டையும் போடப்போகிறாய் என்றால் கான்ஃபிக் ஃபைலில் டிஸ்க் கேஷ் டிரைவரான ஸ்மார்ட்டிரைவை டபுள் பஃபர் ஸ்விட்சோடு ஏற்று. வேகம் கொஞ்சம் குறையும், டிஸ்க்கில் இருப்பது பிழைக்கும்.

16 பிட் சானல் 5-க்கு மாறினால் எல்லை 128 கேபி, முகவரியும் நீளமும் வேர்டில் (ஒரு வேர்டு இரண்டு பைட்). கணக்கில் சந்தேகம் வந்தால் செக்மென்ட் எண்ணை மட்டும் எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்