விடயம்: டிஏ17வி எவ்ரி வானுக்கு விற்ற ரீகண்டிஷன் டேர்போவைத் திறந்து பார்க்காமலே உத்தரவாதத்தை மறுத்தமை தொடர்பாக

பெறுநர்
முகாமையாளர்,
உத்தரவாதப் பிரிவு,
கொழும்பு.

ஐயா,

போனில் பேசிப் பேசி அலுத்துவிட்டது. விற்பனைப் பிரிவைக் கேட்டால் உத்தரவாதப் பிரிவைக் கேள் என்கிறார்கள். உத்தரவாதப் பிரிவைக் கேட்டால் வேர்க்ஷொப்பில் கேள் என்கிறார்கள். வேர்க்ஷொப் திரும்பவும் கவுண்டருக்கே அனுப்புகிறது. ஆகவே எழுத்தில் தருகிறேன், தயவுசெய்து கோப்பில் வையுங்கள்.

சுசூகி எவ்ரி ஜொயின் டேர்போ, சசி (அடிச்சட்டம்) டிஏ17வி, எஞ்சின் ஆர்06ஏ. யாழ்ப்பாணத்தில் பாண் விநியோகத்துக்கு ஓடும் வான். பழைய டேர்போவை (எக்ஸோஸ்ட் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் பகுதி) மாற்றீடாக எடுத்துக்கொண்டு, மிகுதிக்குப் பணம் வாங்கி, உத்தரவாதச் சீட்டும் தந்து நீங்கள் விற்ற ரீகண்டிஷன் (பழையதைப் புதுப்பித்த) டேர்போ, அந்த உத்தரவாதக் காலத்தில் கால்வாசிகூட ஓடாமல் எக்ஸோஸ்ட் பக்கம் ஒயிலை விடத் தொடங்கியது. உங்கள் பதில் ஒரே வரிதான்: "ஒயில் போகவில்லை, பூட்டியவர் பிழை."

பூட்டியது என் கராஜ். எதைச் செய்தோம் என்பதைச் சொல்கிறேன், உங்கள் வேர்க்ஷொப்பில் டேர்போ தெரிந்த எவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஒயில் வரும் குழாயைக் கழுவவில்லை, புதிதாகவே போட்டோம். பழைய குழாய்க்குள் கருகிப் படிந்த கரி, கழுவிய பின்பும் பிறகு கழன்று வந்து பெயாரிங்கை அடைக்கும். யூனியன் போல்ட், செப்பு வொஷர், கஸ்கெற் எல்லாம் புதிது. ஒயில் வாசல்களில் சிலிக்கன் பசை ஒரு துளிகூடப் பூசவில்லை. சம்பை (ஒயில் தொட்டியை) இறக்கி ஒயில் உறிஞ்சும் வலையைக் கழுவினோம். பிசிவி வால்வை (எஞ்சின் அடிப்பகுதியான கிராங்க்கேஸின் வாயுவை வெளியேற்றுவது) மாற்றினோம், ஏனென்றால் அது அடைத்து கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறினால் நல்ல டேர்போவும் ஒயில் விடும். இன்டர்கூலரில் (டேர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விப்பது) நின்ற பழைய ஒயிலை மண்ணெண்ணெயால் கழுவிக் காயவைத்தோம். பூட்ட முதல் டேர்போவின் ஒயில் வாசலில் புது ஒயில் விட்டு வீலைக் கையால் சுற்றினோம். இஞ்ஜெக்டர், கொயில் இரண்டின் கனெக்டர்களையும் கழற்றி, ஒயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரில் மட்டும் எஞ்சினைச் சுழற்றினோம். அதன் பிறகுதான் ஸ்டார்ட். சில நிமிடம் ஐட்லில் விட்டோம், எக்சலேற்றரில் எவரும் கால் வைக்கவில்லை. ஒயில் 5டபிள்யூ-30. டேர்போவின் நடுப்பகுதிக்குக் கூலன்டும் போவதால், ஹீற்றரைத் திறந்துவைத்து முழுக்கக் காற்றெடுத்தோம். இந்த வானில் ரேடியேற்றர் முன்னால், எஞ்சின் சீற்றுக்குக் கீழே. நீண்ட குழாயில் காற்று பிடித்தால் டேர்போதான் முதலில் காயும்.

இதற்கு மேல் ஒரு கராஜ் என்ன செய்ய வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

புகை வந்ததும் எஞ்சினைத்தான் முதலில் சந்தேகித்தோம், உங்களை அல்ல. எஞ்சின் சூட்டில், திராட்டிலை முழுக்கத் திறந்து கொம்பிரஷன் பார்த்தோம். மூன்று சிலிண்டருக்கும் இடையில் அரை பார் வித்தியாசம்கூட இல்லை. பிளக் மூன்றும் காய்ந்து, நிறம் சரியாக இருந்தன. வால்வ் சீல் என்றால் பெரும்பாலும் காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஒரு முறை புகைத்துவிட்டு நிற்கும். ரிங் என்றால் ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது புகைக்கும், ஒயில் மூடியைத் திறந்தால் ஊதும். இது அப்படியில்லை. கொஞ்ச நேரம் ஐட்லில் நின்றபின் எக்சலேற்றரை மிதித்தால் நீலப் புகை. எக்ஸோஸ்ட் குழாயைக் கழற்றிப் பார்த்தோம். எஞ்சினின் எக்ஸோஸ்ட் வாசல்கள் மூன்றும் காய்ந்தபடி. டேர்பைன் வெளியேறும் பக்கம் ஒயில் வடிகிறது. உள்ளே போவது காய்ந்து, வெளியே வருவது நனைந்திருந்தால் ஒயில் எங்கே சேர்கிறது? படங்கள் எல்லாவற்றையும் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல அடையாளம் விழுந்தது, பதில் விழவில்லை.

ஒயில் போகவில்லை என்கிறீர்கள். டேர்போவுக்குப் போகும் குழாயில் ரீ (T) வடிவ இணைப்புப் போட்டு கேஜ் பூட்டினோம், ஐட்லிலும் உயர்ந்த சுற்றிலும் அழுத்தம் உண்டு. திரும்பும் குழாயைப் போத்தலுக்குள் விட்டோம், ஒயில் தடையின்றி விழுகிறது. காணொளி உள்ளது. டயல் கேஜ் வைத்து ஷாஃப்டின் நீளவாட்டு ஆட்டத்தை அளந்தோம். இந்த அளவு டேர்போவில் 0.1 மி.மீ.க்குள் நிற்க வேண்டியது 0.24 மி.மீ. காட்டியது. பக்கவாட்டு ஆட்டம் சரி, வீலின் இறக்கைகள் உறையில் உரசிய தடயம் இல்லை. அதாவது ஷாஃப்டைப் பக்கவாட்டில் தாங்கும் ஜேர்னல் பெயாரிங் நல்லது, நீளவாட்டில் தாங்கும் த்ரஸ்ட் பெயாரிங் மட்டும் போய்விட்டது. ஒயில் குறைந்தாலும் த்ரஸ்ட்தான் முதலில் போகலாம், அதை ஏற்கிறேன். ஆனால் நிமிடத்துக்கு 2 இலட்சம் சுற்றுச் சுற்றும் ஷாஃப்டுக்கு ஒயில் நின்றால் அது நீலம் பாயாமல், கருகாமல் போகாது. அழுக்கு ஒயில் என்றால் கோடு கோடாகக் கீறியிருக்கும். இரண்டில் எது என்பது உள்ளே திறந்தால் ஒரு நிமிடத்தில் தெரியும். நிறமும் மாறாமல், கீறலும் இல்லாமல் த்ரஸ்ட் மட்டும் தேய்ந்திருந்தால், ரீகண்டிஷன் செய்தபோது பழைய த்ரஸ்டையே திரும்பப் போட்டிருக்கிறீர்கள், அல்லது பிழையாகப் பூட்டியிருக்கிறீர்கள். உத்தரவாதம் போய்விடும் என்பதால் நான் திறக்கவில்லை. நீங்கள் திறக்க வேண்டும். இதைத்தான் ஆரம்பத்திலிருந்து கேட்கிறேன்.

கையோடு கொண்டுவந்தால்தான் பரிசோதிப்போம் என்றீர்கள். கூரியர் வேண்டாம், அக்சுவேற்றரோடு (டேர்போவின் வேஸ்ட்கேற் கதவை இயக்குவது) முழுதாக வேண்டும் என்றீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர், இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். உங்கள் கவுண்டரில் இருந்தவர் பெட்டியைக்கூட முழுதாகத் திறக்கவில்லை. விரலால் வீலை ஒரு தடவை சுற்றினார். "டேர்போ வாகனம் என்றால் புகைக்கத்தான் செய்யும்" என்றார். டயல் கேஜ் எடுங்கள் என்று கேட்டதற்கு, "ஊர் கராஜ்காரர் கை வைத்தால் இப்படித்தான், ஒயில் போகவில்லை என்று எழுதுகிறேன், கையெழுத்துப் போடுங்கள்" என்றார். பரிசோதனை பெஞ்ச் எங்கே என்று கேட்டேன். அது வேறு கிளையில் என்றார். அப்படியானால் என்னை எதற்காக அங்கே வரச் சொன்னீர்கள்? நான் கையெழுத்திடவில்லை, இடவும் மாட்டேன். இத்தனை வருடத் தொழிலில் ஒரு வாடிக்கையாளரிடம் நான் அப்படிப் பேசியது கிடையாது. அந்த ஊழியர் நாளைக்கும் அதே கவுண்டரில் இருந்து இன்னொருவரையும் இப்படியே அனுப்புவார் என்பதுதான் என்னை இன்னும் கோபப்படுத்துகிறது.

அவருடைய அறிவுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு, முன்பே எழுதியிருக்க வேண்டியது. முதலில் நீங்கள் அனுப்பியது இந்த எஞ்சினின் டேர்போவே அல்ல, கே6ஏ எஞ்சினின் டேர்போ. சசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் எழுதித்தான் கேட்டிருந்தேன். பிழை என்று சொன்னதற்கு அதே நபர் போனில் "இரண்டும் சுசூகி 660தானே, பொருந்தும்" என்றார். கே6ஏ 68 மி.மீ. போர், 60.4 மி.மீ. ஸ்ட்ரோக். ஆர்06ஏ 64 மி.மீ. போர், 68.2 மி.மீ. ஸ்ட்ரோக். இரண்டும் 658 சிசி என்பதைத் தவிர இவை வேறு வேறு எஞ்சின்கள். கே6ஏ பூட்டிய முந்திய டிஏ64வி வானுக்கும் டிஏ17விக்கும் வித்தியாசம் தெரியாதவர் டேர்போ விற்கக்கூடாது.

இன்னொன்று. நீங்கள் தந்த அக்சுவேற்றரின் அளவும் பிழை. கராஜில் நிற்கும் மற்றொரு டிஏ17வியின் அசல் அக்சுவேற்றரோடு கைப்பம்பு வைத்து ஒப்பிட்டோம். அசல் தண்டு அசையத் தொடங்கும் அழுத்தத்தில் உங்களுடையது அசையவே இல்லை, மேலும் 0.3 பார் கூட்டிய பிறகே அசைந்தது. தண்டின் நட்டைத் திருகி யாரோ கட்டையாக்கியிருக்கிறார்கள். அதனால் வேஸ்ட்கேற் (மிகுதி எக்ஸோஸ்ட் வாயுவை விலக்கிவிடும் கதவு) பிந்தித் திறக்கிறது, பூஸ்ட் (டேர்போ தரும் காற்றழுத்தம்) அளவுக்கு மேல் ஏறுகிறது, ஈசியூ (எஞ்சின் கணினி) பெற்றோலை வெட்டுகிறது, வான் இழுவையில் குலுங்குகிறது. ஸ்கானர் பதிவு இணைத்துள்ளேன். ஜப்பானில் கெய் எனும் சிறு ரகக் கார்களுக்கு 660 சிசி என்பது சட்டம், 64 குதிரைவலு என்பது தயாரிப்பாளர்கள் தமக்குள் வைத்துக்கொண்ட எல்லை. அதற்குள் அளந்து செய்த சின்ன எஞ்சினில் கண் அளவால் நட்டுத் திருகினால் பிஸ்டன் போகும். இந்த வான் அந்த நிலையில் இன்னும் ஒரு மாதம் ஓடியிருந்தால் எஞ்சினுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

பேக்கரிக்காரர் வாடகைக்கு வாகனம் எடுத்து ஓடுகிறார், அந்தப் பணத்தை என்னிடம் கேட்கிறார். டேர்போவை இரண்டு தடவை கழற்றிப் பூட்டிய கூலி, ஒயில், பில்டர், கஸ்கெற், கூலன்ட் எல்லாம் என் கையால் போயிற்று. யாழ்ப்பாணத்தில் எவ்ரி டேர்போ வைத்திருக்கும் ஒருவரும் இனி என் கராஜ் வாசலில் ஏறப் போவதில்லை. என் பெயரையே இந்த ஒரு பெட்டி அழித்துவிட்டது.

ஆனாலும் மரியாதையாகவே கேட்கிறேன். உங்களிடம் முன்பு வாங்கிய ஒயில் பம்ப்புகள் நன்றாக ஓடுகின்றன, அதை மறுக்கவில்லை. இதையும் நேர்மையாக முடிக்கலாம். டேர்போவை என் முன்னிலையில், அல்லது தொடர்ச்சியான காணொளியில், பெஞ்ச் உள்ள கிளையில் திறவுங்கள். ஷாஃப்ட், ஜேர்னல், த்ரஸ்ட், சீல் ரிங் நான்கையும் அருகில் வைத்துப் படம் எடுங்கள். பலன்ஸ் செய்த பதிவு இருந்தால் இந்தத் தொடரிலக்கத்துக்குரியதைக் காட்டுங்கள். ஷாஃப்ட் நீலமாக இருந்தால் கோரிக்கையை அந்த இடத்திலேயே கைவிடுவேன், பரிசோதனைச் செலவையும் தருவேன். இல்லையென்றால் சரியான அக்சுவேற்றருடன் வேறு டேர்போ, அல்லது முழுப் பணமும், அதனோடு பூட்டுக்கூலியும் தர வேண்டும்.

இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறைப்பாடு செய்வேன். பற்றுச்சீட்டு, உத்தரவாதச் சீட்டு, படங்கள், காணொளிகள் யாவும் ஆயத்தமாக உள்ளன. சட்டத்தரணியிடமும் பேசிவிட்டேன். அதுவரை போவதை நான் விரும்பவில்லை. உங்களுக்கும் அது வேண்டாம் என்றே நினைக்கிறேன்.

இப்படிக்கு,
கராஜ் உரிமையாளர்,
யாழ்ப்பாணம்.

பி.கு.: மாற்றீடாக எடுத்த எங்கள் பழைய டேர்போவை இந்த விடயம் முடியும்வரை பிரிக்கவோ வேறு ஒருவருக்கு விற்கவோ வேண்டாம். அதன் சீல் மட்டுமே போயிருந்தது, ஷாஃப்டும் இரு வீல்களும் நல்லவை, அக்சுவேற்றர் அசல். பணத்தைத் திருப்பித் தருவதென்றால் அதையும் சேர்த்தே திருப்பித் தர வேண்டும்.