உயர்தர இரசாயனவியலுக்கு ஆசிரியர் தரக் கோரும் மனு

வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்கட்கு,

மதிப்புக்குரிய ஐயா,

எங்கள் பாடசாலையில் உயர்தர இரசாயனவியல் கற்பித்த ஆசிரியர் சென்ற ஆண்டு இடமாற்றம் பெற்றுப் போனார். பதிலீடு வரவில்லை. அதிபர் ஊடாக அனுப்பிய கடிதங்களுக்குப் பதிலும் வரவில்லை. ஆகவே பெற்றோர் நாங்களே பணிவுடன் எழுதுகிறோம்.

1. உயிரியல், கணிதம் இரு பிரிவுப் பிள்ளைகளும் இப்பாடத்தைப் படிக்கிறார்கள்.

2. இப்போது தரம் 11 விஞ்ஞான ஆசிரியைதான் வந்து குறிப்புச் சொல்கிறார். பாவம், அவரைக் குறை சொல்லவில்லை.

3. விளையாட்டுப் போட்டிக்கு வந்தபோது ஆய்வுகூடத்தை நீங்களே பார்த்தீர்கள். திரவத்தைத் துளித்துளியாக விட்டு அளக்கும் கண்ணாடிக் குழாய்களான அளவிகள் பேப்பர் சுற்றியபடியே அலுமாரியில் கிடக்கின்றன. அமிலத்தையும் காரத்தையும் அவற்றால் அளந்து சேர்க்கும் நியமிப்புப் பரிசோதனை ஒன்றைக்கூடப் பிள்ளைகள் செய்ததில்லை. அதில் காட்டியாக விடும் பினோத்தலீன் நிறம் மாறுவதைப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள். செயன்முறைக்குத் தனிப் பரீட்சை இல்லைத்தான். ஆனால் இரண்டாம் வினாத்தாளில் அதைத்தானே கேட்கிறார்கள்? கடைசித் துளியில் நிறம் மாறுவதைக் கண்ணால் காணாத பிள்ளை என்னத்தை எழுதும்?

4. டியூசனுக்குப் போகலாமே என்கிறார்கள். சரி, போகலாம். வகுப்பு கிளிநொச்சி டவுனில். முடியும் நேரம் கடைசி பஸ் போய்விடும். குளக்கட்டு வீதியில் லைட் இல்லை, யானை இறங்கும், இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? பொம்பிளைப் பிள்ளைகளை அனுப்பப் பயந்து மறித்துவிட்டோம். கூலி வேலை செய்யும் வீட்டில் மாதக் காசுக்கு எங்கே போவது? மருத்துவம் என்று படித்த ஒரு பிள்ளை கலைப்பிரிவுக்கு மாறிவிட்டாள். கலைப்பிரிவு குறைவு என்று நாங்கள் சொல்லவில்லை. அவள் கேட்டது அதையல்ல, ஐயா.

5. பின்தங்கிய மாவட்டம் என்று பல்கலைக்கழக அனுமதியில் 5 வீதம் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கும் மூன்று பாடமும் சித்தியடைய வேண்டுமே! படிப்பிக்க ஆளில்லாத இடத்துக்கு ஒதுக்கீடு எதற்கு? ஆளணி இல்லை என்று சொல்ல வேண்டாம். டவுன் பாடசாலைகளில் இதே பாடத்துக்கு இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் மட்டும் எங்கிருந்து வந்தார்கள்?

6. ஆசிரியர் தாருங்கள்.

நிரந்தர நியமனம் சுணங்குமானால், பக்கத்துப் பாடசாலை ஆசிரியரை வாரத்தில் இரண்டு நாளாவது இணைப்புச் செய்து அனுப்புங்கள். ‘கவனிக்கப்படும்’ என்ற பதில் எங்களுக்கு வேண்டாம். யார் வருகிறார், எந்தத் திகதியில் வருகிறார் என்று எழுதி அனுப்புங்கள். பரீட்சை எங்களுக்காகக் காத்திருக்காது. தயவுசெய்து ஒரு ஆசிரியரைத் தாருங்கள்.

இங்ஙனம்,
உயர்தர மாணவரின் பெற்றோர்

பிரதி: மாகாணக் கல்விப் பணிப்பாளர்