பீஃப் கொத்துக்கறி: கலரை நம்பாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்க சமையல் பக்கத்துல கறியைப் பத்தி நிறைய எழுதுறீங்க, பீஃப் கொத்துக்கறியை எப்படி பத்திரமா சமைக்கிறதுன்னும் எழுதணும் சார், ஏன்னா முழுத் துண்டு கறில கிருமி பெரும்பாலும் மேல்பக்கம்தான் இருக்கும், சூடு பட்டதும் செத்துடும், ஆனா மெஷின்ல அரைக்கும்போது மேல இருந்த ஈ.கோலை, சால்மோனெல்லா மாதிரி கிருமி எல்லாம் உள்ள வரைக்கும் கலந்துடுது. அதனால உள்ள சிவப்பா இருக்கிற பர்கர் எனக்கு சரியாவே படல.

கலரைப் பாத்து வெந்துடுச்சுன்னு முடிவு பண்றதும் தப்பு. சில சமயம் முழுசா வேகுறதுக்கு முன்னாடியே பிரவுன் ஆயிடும். சமையல் தெர்மாமீட்டரை கறி நடுவுல குத்திப் பாத்து 71 டிகிரி செல்சியஸ் வந்தா போதும், அதை வாங்கி வைக்கிறது வீண் செலவு இல்ல.

வாங்கும்போது கவர் கிழியாம, தொட்டா ஜில்லுனு இருக்கணும். குழம்புக்கு கொழுப்பு கம்மியா, பர்கருக்கு 20 சதவீதம் இருந்தா வறண்டு போகாது. பிரிட்ஜ்ல 4 டிகிரிக்குள்ள ஒண்ணு ரெண்டு நாள்தான், அதுக்கு மேலன்னா தட்டையா பேக் பண்ணி ப்ரீசர்ல போட்டுடுங்க, மூணு நாலு மாசம் ருசி போகாது. ஐஸ் விடுறதுக்கு வெளிய மேடைல வைக்காம முதல் நாள் ராத்திரியே பிரிட்ஜ் கீழ்த்தட்டுல வச்சிடுங்க. கழுவவும் வேண்டாம், தண்ணி தெறிச்சு கிருமி சிங்க் முழுக்க பரவும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி